கார் இல்லாமல் ஒரு நாள் கடற்கரை: நாகர்கோவிலில் இருந்து எங்கே போகலாம்?

ராமன்புதூர்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். வீடு நாகர்கோவில் ராமன்புதூரில். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் இருக்க வேண்டும். சொந்தக் கார் இல்லை, வாடகைக் காரும் எடுப்பதாக இல்லை.

எங்களுக்கு அங்கே இதுதான் பழக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றுக்கே பெருந்தொகை ஆகும், அதனால் நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. 2024 ஜூனில் ரயில் மரின் பரேட், சிக்லாப் பக்கம் வந்த பிறகு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு ரயிலில் போய் இறங்கி நடந்தே கடலுக்குப் போய்விடுகிறோம். சில நாள் சாங்கி படகுத்துறைக்குப் போவோம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், உபின் தீவில் இறங்கி சைக்கிள் எடுப்போம். பிள்ளைகள் இப்படியே வளர்ந்தவர்கள்.

ஊருக்கு வந்தால் மட்டும் சொந்தக்காரர்கள் ஒரு வண்டியைப் பிடித்து, திற்பரப்பு, பத்மநாபபுரம், சுசீந்திரம், கன்னியாகுமரி என்று ஒரே நாளில் சுற்றிக்காட்டி விடுகிறார்கள். கடற்கரைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மகள் மணலில் உட்காரும் முன்னே "ஏறு, நேரமாச்சு" என்பார்கள். இந்த முறை கடல் மட்டும் போதும்.

எந்தக் கடற்கரை? பஸ் எப்படி? அம்மாவுக்கு நிழலும் கழிப்பறையும் கிடைக்குமா? குளிக்கலாமா?

கோட்டாறு அண்ணாச்சி

தம்பி, வீட்டுப் பெரியவனாக நினைத்துச் சொல்கிறேன். வயசான அம்மாவையும் நாலு வயசுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். டிசம்பரில் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வண்டியைப் பேசிக்கொண்டு போனால் நினைத்த நேரத்துக்குத் திரும்பலாம். செலவு பெரிசில்லை.

பழைய நடத்துநர்

அண்ணாச்சி சொல்வதில் மழை ஒன்றைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். மற்றபடி இது பஸ்ஸிலேயே அழகாக முடியக்கூடிய காரியம். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன், கடலோர வழித்தடங்களில்தான் பெரும்பாலும் ஓடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் திரும்பி வரும் பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். போவது எல்லாருக்கும் எளிது. காலையில் மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் எந்தக் கடற்கரைக்கும் ஏதோ ஒரு வண்டி கிடைக்கும். சாயங்காலம் ஆறரைக்கு, இருட்டிய பிறகு, ஈரத் துணிப் பையோடு தூக்கம் சொக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது வண்டி வர வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வண்டி போய்விட்டது என்று தெரியாமலே நிற்பார்கள்.

நம் மாவட்டக் கடற்கரைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ரோட்டை ஒட்டியவை ஒரு வகை: கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல். ஒன்றை விட்டால் அடுத்தது வரும். கிளை ரோட்டில் உள்ளே போய் வண்டி திரும்பி வரும் ஊர்கள் இன்னொரு வகை: சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம்துறை. கடற்கரை என்று பார்த்தால் இரண்டாம் வகைதான் அழகு, கூட்டமும் குறைவு. ஆனால் வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி நீளம். அங்கே போவதானால் இறங்கும்போதே நடத்துநரிடம் "திரும்பி எப்போ வருவீங்க, அதுக்கு அடுத்தது எப்போ" என்று கேட்டு, போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

டிக்கெட் விஷயம். 2021ல் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த வண்டியைப் பாருங்கள். அம்மா, மனைவி, மகள் மூன்று பேருக்கும் கட்டணமில்லாச் சீட்டு கிடைக்கும், அதைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பையனுக்கு எந்த வண்டியிலும் டிக்கெட் இல்லை. ஆக உங்கள் வீட்டில் காசு கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அங்கே அட்டையைத் தட்டிவிட்டு ஏறிப் பழகியிருப்பீர்கள், இங்கே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டில் இருந்து ஒன்பதரை வரையும் மாலை நாலில் இருந்து ஐந்து வரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்தால் அம்மாவுக்கு இடம் கிடைத்துவிடும்.

சுசீந்திரம் தெற்குத்தெரு

ரயிலை மறந்துவிட்டீர்களே. நாகர்கோவில் ஜங்ஷனில் இருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் அரைமணி நேரம்கூடப் பிடிக்காது. சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலும் குளமும் பார்த்துப் போவது புதுசாக இருக்கும். அந்தப் பக்கம் தாமரைக் குளங்கள் எத்தனை இருக்கின்றன! ஸ்டேஷனில் இறங்கினால் கடல் நடக்கும் தூரம், அம்மாவுக்கு மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, உட்கார இடம் எல்லாம் உண்டு. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் போட்ட கண்ணாடிப் பாலத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது.

மார்கழியில் இன்னொரு விசேஷம். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதயம், அஸ்தமனம் இரண்டையும் கடலிலேயே பார்க்கலாம். ஆனி, ஆடியில் வந்தால் அஸ்தமனம் கரைப் பக்கமாகப் போய்விடும்.

கடலோரத்தாள்

கன்னியாகுமரி நல்ல ஊர்தான், ஆனால் டிசம்பரில் அது ஐயப்ப பக்தர்கள் சீசன். கார்த்திகை பிறந்ததில் இருந்து மகரவிளக்கு வரை ஆந்திரா, கர்நாடகா வண்டிகளாக வந்து நிற்கும். படகு வரிசையில் நிற்பதிலேயே அரை நாள் போய்விடும். முக்கடல் சங்கமத்தில் பிள்ளைகள் மணலில் விளையாட இடமும் இல்லை, அங்கே பெரும்பாலும் பாறையும் படிக்கட்டும்தான். அவர் கேட்டது மணலும் கடலும்.

ராமன்புதூர்காரன்

அதேதான் அக்கா. கண்ணாடிப் பாலம் போன்றவற்றை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறோம்.

நடத்துநர் ஐயாவுக்கு மிக்க நன்றி. திரும்பும் பஸ்ஸில் இருந்து தொடங்குவது எனக்குத் தோன்றவே இல்லை.

அஞ்சுகிராமம் தம்பி

எங்கள் ஊர்ப் பக்கம் வட்டக்கோட்டை இருக்கிறது அண்ணா. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா காலத்தில் அவருடைய படை அதிகாரி டிலனாய் கட்டிய கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கும். மேலே ஏறினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். உள்ளே மரமும் புல்தரையும் இருப்பதால் அம்மா நிழலில் உட்காரலாம். கன்னியாகுமரியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

மட்டிப்பழம்

கணபதிபுரம் பக்கம் லெமூர் பீச் பாருங்கள். நல்ல அகலமான மணல், பக்கத்திலேயே ஆறு கடலில் சேரும் பொழிமுகம், போட்டோ எடுக்க அருமையான இடம். இப்போது எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். பிள்ளைகள் குளிக்கவும் செய்யலாம்.

கடலோரத்தாள்

மட்டிப்பழம் தம்பி, கடைசி வரியை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து.

நான் கடற்புறத்துக்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். 2024 மே மாதம் அதே லெமூர் கடற்கரையில்தான் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. மேலே வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, எங்கோ தென்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். கரையில் நிற்பவனுக்கு ஒரு அடையாளமும் தெரியாது. சித்திரை, வைகாசியில்தான் இது அதிகம், ஆனால் மற்ற மாதங்களில் நிம்மதியாக இறங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

குளிக்கலாமா என்று கேட்டவருக்கு என் பதில்: நம் மாவட்டத்தின் திறந்த கடலில் நீந்த வேண்டாம். எங்கள் கரை சரிவானது. முழங்கால் தண்ணீரில் நிற்பீர்கள், அலை திரும்பும்போது காலடி மணல் கரைந்து அடுத்த அடியில் இடுப்பளவு ஆகிவிடும். ஈஸ்ட் கோஸ்டில் கடலுக்குள் தள்ளிக் கப்பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். அந்தக் கடலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே இறங்கக் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது, அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சில விஷயங்களைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். வரிசையாக அலை உடைந்து வெள்ளை நுரை அடிக்கும் கரையில், ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். நுரை அங்கே கரைக்கு வராமல் கடலைப் பார்த்து நகரும். தெரியாதவர்கள் "இங்கே அலை இல்லை, பிள்ளைகளுக்கு நல்ல இடம்" என்று அங்கேதான் இறங்குவார்கள். உள்ளே இழுக்கிற நீவாடு அதுதான். பொழிமுகம் பக்கமும் அப்படியே. பொழி வெட்டிக் கிடக்கும்போது ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதும், காலுக்குக் கீழே மணல் நிற்காது. யாராவது இழுபட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, போனில் போட்டு வையுங்கள்.

இதற்காகக் கடற்கரைக்கு வராமல் இருக்க வேண்டாம். ஈர மணல் வரைக்கும் போதும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் அளவு நில்லுங்கள். அதற்கு மேல் தண்ணீர் விளையாட்டு வேண்டுமென்றால் திற்பரப்பு அருவிக்குத் தனியாக ஒரு நாள் போங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள்.

மட்டிப்பழம்

அக்கா, என் பதிவில் அந்த வரியைத் திருத்தும் வசதி இப்போது இல்லை. படிப்பவர்கள் அக்கா எழுதியதையே எடுத்துக்கொள்ளவும்.

எனக்குத் தெரிந்த சாப்பாட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். கடற்கரைக் கடைகளை நம்ப வேண்டாம், சின்ன ஊர்களில் கடலை, சுண்டல், ஐஸ் தவிர எதுவும் கிடைக்காது. அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலையில் ரசவடையும் சாயாவும் முடித்துக்கொண்டு ஏறுங்கள். மதியத்துக்குக் கட்டுச்சாதம், புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டால் நல்லது. மட்டிப்பழம் ஒரு சீப்பு கண்டிப்பாக. விரல் நீளம்தான் இருக்கும், நாலு வயதுப் பிள்ளை ஒரு பழத்தை முழுசாகத் தின்று முடிக்கும். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்ப் பழம், சிங்கப்பூர்க் கடையில் கிடைக்காது. மீன் சாப்பிட வேண்டுமானால் குளச்சல், தக்கலைப் பக்கம் மதியம் கிழங்கும் மீன்கறியும் போடும் சின்னக் கடைகள் உண்டு. மரச்சீனிக் கிழங்கை மசித்து, மேலே சாளைக் குழம்பு ஊற்றித் தருவார்கள். காரம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழித்துறைவாசி

முட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? நம் மாவட்டத்தில் அதற்கு நிகரான இடம் கிடையாது. செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே அலை வந்து மோதும் பாறைகள். சினிமாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாயங்காலம் அந்தப் பாறைமேல் நின்று பார்த்தால் திரும்பி வர மனசு வராது.

கடலோரத்தாள்

முட்டம் பார்க்க அழகுதான். ஆனால் ஏற்ற இறக்கம், படி, பாறை. முழங்கால் வலி உள்ளவருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் நாள் முழுக்க இருக்கக்கூடிய இடமில்லை. பாறையில் பாசி வேறு. மேட்டில் நின்று பார்த்துவிட்டு வருவதானால் சரி.

ராமன்புதூர்காரன்

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

காலை ஏழு மணிக்கு அண்ணா பஸ் ஸ்டாண்டில் இருந்து சொத்தவிளை. நீளமான மணல் என்பதால் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பத்து மணிக்கு அங்கிருந்து முட்டம், மேட்டில் நின்று பார்ப்பது மட்டும். மதியம் மண்டைக்காடு, அம்மாவுக்குக் கோயில். சாயங்காலம் குளச்சலில் அஸ்தமனம். பிறகு குளச்சலில் இருந்து நாகர்கோவில், அந்த ரோட்டில்தான் வண்டி நிறைய என்று ஐயா சொன்னார்கள்.

பழைய நடத்துநர்

தம்பி, உங்கள் சொந்தக்காரர்கள் காரில் செய்ததை நீங்கள் பஸ்ஸில் செய்யப் போகிறீர்கள். நாலு இடம், அஞ்சு பஸ். சொத்தவிளையில் இருந்து முட்டத்துக்கு நேர் வண்டி பார்த்து நிற்பதிலேயே வெயில் ஏறிவிடும். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அம்மா முழங்காலைத்தான் பிடித்துக்கொள்வார். நம் பஸ் படி உயரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரே இடம் போங்கள். மண்டைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி வழியாகவோ திங்கள்சந்தை வழியாகவோ வண்டி கிடைக்கும். ஒரு மணி நேரம் சுமார். கோயில் முக்கிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம், சமதரை. அம்மாவுக்குப் பகவதி அம்மன் கோயில் இருக்கிறது, நடை சாத்தும் முன்னே முற்பகலில் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரலாம். கோயிலைச் சுற்றிக் கடைகள், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. மாசிக் கொடை நாளாக இருந்தால் நானே போக வேண்டாம் என்பேன், அவ்வளவு கூட்டம். டிசம்பரில் சாதாரண நாளில் அமைதியாக இருக்கும்.

முக்கியமாக, மழை வந்தால் கோயில் முக்குக்கு ஓடி வந்து அடுத்த வண்டியில் ஏறிவிடலாம். அண்ணாச்சியின் கவலையும் அதோடு தீர்ந்தது. இருட்டிய பிறகும் வண்டி உண்டு. ஆனாலும் ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், அப்போது உட்கார்ந்து வரலாம்.

கடலோரத்தாள்

நல்ல யோசனை. அதோடு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். கரையில் வேலை எதுவும் நடக்காது, சுற்றுலாக் கூட்டம் மட்டும் இருக்கும். வார நாளில் வந்தால் பிள்ளைகள் கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலை, இழுப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு. நீங்கள் அதற்கு அப்புறம்தான் வருகிறீர்கள், நல்லது. அந்த வாரத்தில் கடற்புறத்து ஊர்களில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கத் தொடங்கியிருக்கும், திரும்பும்போது ஜன்னல் பக்கம் மகளை உட்கார வையுங்கள்.

துணி மாற்றும் விஷயத்தை ஆண்கள் யாரும் எழுதவில்லை. சிங்கப்பூர்க் கடற்கரை போல் இங்கே குளியல் குழாயும் மாற்றும் அறையும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மனைவியும் மகளும் சீக்கிரம் காயக்கூடிய துணியாகப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு பாட்டிலில் நல்ல தண்ணீர் தனியாக, கால் கழுவ. மணல் ஒட்டிய காலோடு ஏறினால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குச் சங்கடம். சின்னவனுக்கு மாற்றுத் துணி இரண்டு செட்.

அஞ்சுகிராமம் தம்பி

அக்கா திருவிழாவைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. மண்டைக்காட்டில் இருந்து குளச்சல் பக்கம்தானே? 1741ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்த இடம். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. நான் சொன்ன வட்டக்கோட்டையைக் கட்டிய டிலனாய் அந்தப் போரில் பிடிபட்டவர்தான். பிடிபட்டவரையே பிறகு தன் படைக்கு அதிகாரி ஆக்கினார் ராஜா. மகளுக்குக் கதையாகச் சொல்லலாம், அதற்காகப் போக வேண்டாம்.

சுசீந்திரம் தெற்குத்தெரு

பிள்ளைகளுக்கு ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பாக இருக்கும், இல்மனைட் என்ற கனிமம் கலந்தது. மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கேதான் இருக்கிறது. நல்ல காந்தத்தை ஒரு துணியில் சுற்றி உலர்ந்த மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். துணியை உருவினால் பொலபொலவென்று கொட்டும். சிவப்பாகத் தெரிவது கார்னெட்.

ராமன்புதூர்காரன்

சரி, மண்டைக்காடு மட்டும். முடிவு பண்ணிவிட்டேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

ராமன்புதூர்காரன்

செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தோம். கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு முன்பே அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். ராஜாக்கமங்கலம் வழி. பிங்க் வண்டி. அம்மா ஏறும்போது நடத்துநரே கை கொடுத்தார், முன்பக்கம் இருந்த ஒரு பெண் எழுந்து இடம் விட்டார். வழியெல்லாம் தென்னந்தோப்பு, ஒவ்வொரு ஊரிலும் கோயில், குருசடி என்று மாறி மாறி வந்தது. மகன் என் மடியில் நின்றுகொண்டே வந்தான்.

அம்மா கோயிலில் புற்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கே நேர்ச்சையாகச் செய்யும் மண்டையப்பம் விவரம் விசாரித்துக்கொண்டு இருந்தார். நாங்கள் கடற்கரைக்குப் போனோம். கரையில் ஒரு பெரியவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டு இருந்தார். கடலோரத்து அக்கா சொன்னபடி கேட்டேன். தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். "கரையில நில்லுங்க மக்கா, இறங்காதீங்க, அடியில இழுப்பு கெடக்கு" என்றார். எங்களுக்குக் கடல் அமைதியாகத்தான் தெரிந்தது. இறங்கவில்லை.

பத்து மணி வாக்கில் கரமடி இழுக்கத் தொடங்கினார்கள். இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்கு மேல், ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் ஏற்றுச் சொல்லிப் பின்னோக்கி நடந்தார்கள். கயிற்றின் கடைசிக்கு வந்தவர் விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய்ப் பிடிப்பார். இரண்டு கூட்டமும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. மகள் கேட்டதும் கயிற்றில் அவளுக்கும் இடம் விட்டார்கள். உள்ளங்கை சிவந்துபோகும் வரை இழுத்தாள். மடி கரைக்கு வந்ததும் பெண்கள் பாத்திரத்தோடு சூழ்ந்தார்கள். நெத்திலி, கொஞ்சம் சாளை, உள்ளங்கை அகலத்தில் இரண்டு நண்டு. அந்த இடத்திலேயே ஏலம் முடிந்தது. அத்தனை பேர் இழுத்ததற்கு மீன் குறைவு என்று எனக்கே தெரிந்தது. ஆனால் மகளை அழைத்து ஒரு கை நெத்திலியைக் கடதாசியில் பொதிந்து கொடுத்தார் ஒரு அம்மா, கூலி என்று சொல்லி. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

காந்தம் நன்றாக வேலை செய்தது. சின்னவனுக்கு மதியம் வரை அதே வேலை.

மதியம் தென்னை நிழலில் கட்டுச்சாதம். மூன்று மணிக்கு மேல் மேகம் கறுத்தது, நாலரைக்கு மழை. கோயில் முக்குக்கு நடந்து வந்து சாயா குடித்து முடிப்பதற்குள் குளச்சலில் இருந்து நாகர்கோவில் போகும் வண்டி வந்துவிட்டது. அஸ்தமனம் பார்க்கக் கிடைக்கவில்லை. மகளுக்கு வருத்தம்தான். பள்ளி நேரம் என்பதால் கூட்டம் இருந்தது, திங்கள்சந்தை வரை நானும் மனைவியும் நின்றோம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தால் அம்மாவைக் கோயில் வரை திரும்ப நடக்க விட வேண்டியிருக்காது. இவ்வளவு பேர் வரும் கரை அது.

கோட்டாறு அண்ணாச்சி

அம்மா சுகமாக வந்து சேர்ந்தார்களா? முழங்கால் எப்படி இருக்கிறது?

ராமன்புதூர்காரன்

சுகமாக இருக்கிறார் அண்ணாச்சி. ராத்திரி தைலம் தேய்த்துப் படுத்தார், காலையில் சரியாகிவிட்டது. அடுத்து எப்போது என்று அவரே கேட்கிறார்.

திருநெல்வேலி வாசகி

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் ஜூன் மாதம் இதே போல் பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். மண்டைக்காடு சரிப்படுமா?

கடலோரத்தாள்

ஜூனில் வேண்டாம் தங்கச்சி. தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் எங்கள் மேற்குக் கரையில் அலை ரோடு வரை ஏறும் நாளும் உண்டு, சில ஊர்களில் மணலே மிஞ்சாது, அலைத் தடுப்புக்குப் போட்ட கல்தான் தெரியும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இந்தப் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. நீங்கள் திருநெல்வேலியில் இருந்து வருவதால் அஞ்சுகிராமம் தம்பி சொன்ன வட்டக்கோட்டைக்குப் போங்கள். மேற்கில் அடிக்கும் அளவு அலை அங்கே இருக்காது, கோட்டைக்கு மேலே நின்றே கடலைப் பார்க்கலாம். அங்கேயும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அஞ்சுகிராமம் தம்பி

திருநெல்வேலியில் இருந்து கன்னியாகுமரி வண்டியில் வந்து இறங்கி, அங்கிருந்து அஞ்சுகிராமம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள் அக்கா. "வட்டக்கோட்டை விலக்கு" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். விலக்கில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும், குடை எடுத்து வாருங்கள். ஆனிக் காற்றில் சாதாரணக் குடை மடங்கிவிடும், கம்பி உறுதியாக உள்ளதாகப் பாருங்கள்.